நெருப்புச் சாட்டையும் தோல் சாட்டையும்

அந்த விளையாட்டில் நான்கு சாட்டைகள் இருந்தன. தோல் சாட்டை, சங்கிலிச் சாட்டை, முள்கொடிச் சாட்டை, நெருப்புச் சாட்டை. பெயரெல்லாம் நான் வைத்தது. தொலைக்காட்சித் திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும். அது எனக்கும் தெரியாது, விளையாடிய என் மருமகனுக்கும் தெரியாது. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். அதில் எண்களை மட்டும் வாசிப்பேன்.

ஒரு மாதம் முழுக்க அந்தச் சாட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. லூபோக் சீனா பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள், மலாக்காவில் மூன்றாவது மாடி வீட்டில் குடியிருந்தாள். இரண்டு பைகளோடு அங்கே வந்து சேர்ந்தேன்.

வீடு சின்னது. ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் சமையலறை. எதிர் வரிசையில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் திருடன் புகுந்த பிறகு, மகள் இரும்புக் கதவில் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். இரண்டு சாவிதான். ஒன்று அவள் கைப்பையில். இன்னொன்று மருமகனின் மோட்டார் சாவியோடு கோர்த்தது. எனக்கும் ஒன்று வெட்டித் தரச் சொல்லி ஒருமுறை கேட்டேன்.

"ஒனக்கு எதுக்கும்மா சாவி? எங்க போகப் போற?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எங்கே போகப் போகிறேன் என்று எனக்கே தெரியாதே. விடியற்காலையில் எழுந்து நிரை நிரையாகப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டு போன கால்கள், அடுப்பிலிருந்து கதவு வரைக்கும் பதினான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பின. தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஒருநாள் யோசித்தேன். பிறகு அதை யோசிக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் மருமகன் மோட்டாரில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டு வந்தார். முட்டிக்கு மேல் வரை மாவுக்கட்டு. ஒரு மாதம் எம்.சி., மருத்துவ விடுப்பு. அந்தக் காலோடு மூன்று மாடி இறங்கி ஏற முடியாது. அவருடைய கூட்டாளி ஒருவர் விளையாட்டுப் பெட்டியையும் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு விளையாட்டு சிடியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். காலையில் மகள் பூட்டிக்கொண்டு போனால், சாயங்காலம் வரை உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாமியார் மருமகன் எதிரில் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. என் அம்மா என் வீட்டுக்காரரிடம் சாகும்வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அப்படியே வளர்ந்தவள். அதோடு பிறவியிலேயே கூச்சம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகள் வழியாகச் சொல்வேன். அவரும் மகளிடம்தான் சொல்வார். மகள் இல்லாத பகலில் என்ன செய்வது? சோறு போட்டுத் தட்டை மேசையில் வைத்து, கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அவர் நொண்டிக்கொண்டு வந்து எடுத்துக்கொள்வார். தண்ணீர் வேண்டுமென்றால், "தண்ணி இல்ல போல," என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் சுவருக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன்.

கூடத்தைக் கடந்தால்தான் என் அறைக்குப் போக முடியும். அவர் அங்கே கைலியோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கடப்பது? அதனால் பகல் முழுக்கச் சமையலறைதான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித்திரை. திரையின் ஓர இடுக்கில் தொலைக்காட்சி முழுதாகத் தெரியும். அவருடைய பின்மண்டையும் தெரியும்.

விளையாட்டில் ஓர் ஆள் குகை குகையாகப் போவான். எலும்புக்கூடு வரும், பெரிய வௌவால் வரும், இரும்புச் சட்டை போட்ட பூதம் வரும். எல்லாவற்றையும் சாட்டையால் அடிப்பான். அடி விழும்போதெல்லாம் ஓர் எண் மேலே பறக்கும். தோல் சாட்டைக்கு இருபது சொச்சம். சங்கிலிக்கு நாற்பது. முள்கொடிக்கு முப்பது. நெருப்புச் சாட்டைக்கு எழுபது வரை போகும். பெரிய எண் வருகிற சாட்டையைத்தான் மருமகன் எடுப்பார்.

எனக்குச் சாட்டை புதிதில்லை. எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் என் வீட்டுக்காரர்தான் சாமியாடுவார். மஞ்சள் தண்ணீரில் ஊறிய கயிற்றுச் சாட்டையை அவர் கையில் கொடுப்பார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், மணிக்கட்டில் மூன்று அடி விழும். நீளச் சாட்டை ஊருக்கே கேட்கிற மாதிரி வெடிக்கும், ஆனால் அவ்வளவாக வலிக்காது. குட்டைச் சாட்டையில் சத்தமே வராது, தோல் தடித்துவிடும். வீசுவதில் ஒன்றும் இல்லை, வீசியதைத் திரும்ப இழுக்கிறோமே அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர் சொல்வார். அந்தக் கண்ணோடுதான் நான் விளையாட்டைப் பார்த்தேன்.

சங்கிலிச் சாட்டை தூரம் போகும். ஆனால் திரும்பி வருவதற்குள் எதிராளி ஒரு அடி வைத்துவிடுவான். வௌவாலுக்கு அது ஆகவே ஆகாது. முள்கொடிச் சாட்டை பட்ட இடத்தில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொள்ளும், அடித்த பிறகும் எதிராளியின் உயிர்க்கோடு தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மெதுவாக நடக்கிற பூதத்துக்கு அது நல்லது. அடித்துவிட்டு ஓடிப் போய் நின்றால் போதும். நெருப்புச் சாட்டை பார்க்க அழகு. எலும்புக்கூடெல்லாம் ஒரே அடியில் சாம்பலாகும். தோல் சாட்டைதான் எல்லாவற்றிலும் சோப்ளாங்கி மாதிரி தெரியும். ஆனால் மற்றது ஒரு முறை வீசுகிற நேரத்தில் அது மூன்று முறை விழும். இதையெல்லாம் நான் கடுகு பொறுக்கிக்கொண்டே எண்ணினேன். மரம் எண்ணிப் பழகிய மனசு, எண்ணாமல் இருக்கத் தெரியாது.

இந்த நேரத்தில் ஒரு புதன்கிழமை, மேல் மாடியில் குடியிருந்த ஓர் அம்மா, படிக்கட்டுப் பக்கம் இருந்த சமையலறைக் கண்ணாடி ஜன்னலைத் தட்டினார். சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்து குடியேறியவர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார். என்னைவிடப் பத்து வயது சிறியவர்.

"என்னாக்கா, கோழிய அடைச்சு வச்ச மாதிரி வச்சிருக்காங்க ஒங்கள?"

"மெதுவா பேசுங்க. கூடத்துல மாப்பிள்ள இருக்காரு."

"அவரு காதுல எங்க விழப்போவுது, அங்க சண்டையில்ல நடக்குது." சிரித்துவிட்டுச் சொன்னார். "கெண்டின்ல ஒரு ஆளு வேணுங்க்கா. மீ கோரெங்குக்கு வெங்காயம் நறுக்கணும், தட்டு கழுவணும். காலையில ஏழு மணிக்கு வந்தா ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம். வர்றீங்களா?"

"கேட்டுச் சொல்றேன்," என்றேன்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குது. அன்னைக்கு வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன் லா. கோவிச்சுக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் மகள் மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அவருகிட்ட கேட்டுச் சொல்றேம்மா," என்றாள். மறுநாள் காலையில் காலணி மாட்டும்போது சொன்னாள்: "அவரு வேணாம்னுட்டாரு. மாமியார எச்சித் தட்டு கழுவ வுட்டுட்டான்னு ஆளுங்க பேசுவாங்களாம்." பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. அவள் படியிறங்குகிற சத்தமும் கேட்டது.

அன்று முழுக்க அந்தப் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யார்மேலும் அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. நாற்பது வருடம் மரம் வெட்டிய கை, தட்டு கழுவினால் இவருக்கு மானம் போகிறதாம்.

அந்த வியாழக்கிழமைதான் அவர் தீக்குழியில் கிடந்த சிவப்பு மிருகத்திடம் வந்து சேர்ந்தார். வாயைத் திறந்தால் நெருப்பு கக்கும். இவர் நெருப்புச் சாட்டையால் வீசுவார். எழுபது, எழுபது என்று எண் பறக்கும். ஆள் செத்துப்போவான். மறுபடி வருவார், மறுபடி சாவார். நாலைந்து தடவை பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவற்றை அடிக்கும்போது எண் வெள்ளையாகப் பறக்கும். இந்த மிருகத்துக்கு மட்டும் பச்சையாகப் பறந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதன் உயிர்க்கோடு குறையாமல் ஏறியது. அவர் எண்ணை மட்டும் பார்த்தார். கோட்டைப் பார்க்கவில்லை.

நான் சொல்லவில்லை. பழக்கத்தால் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதினால் பொய். சாகட்டும் என்றுதான் இருந்தேன். வியாழன் முழுக்கச் செத்தார், வெள்ளி முழுக்கச் செத்தார். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மகளுக்கு ஓவர்டைம். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மறுபடி தோற்றார். கையில் இருந்ததை மெத்தையில் போட்டுவிட்டு, மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு, யாருக்கும் இல்லாமல் சொன்னார்: "வெளியவும் போக முடியல. இதுலயும் போக முடியல."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருந்தது. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அதுக்கு நெருப்பு சோறு மாதிரி தம்பி. நீங்க அடிக்க அடிக்க அது தின்னுக்கிட்டு இருக்கு. தோல் சாட்டைய எடுங்க."

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். மாமியார் பேசும்போது உட்கார்ந்திருக்கக் கூடாதே. கட்டுப்போட்ட கால் மேசையில் இடித்தது, ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. கைலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். நான் திரையை விட்டுவிட்டு அடுப்போரம் போய்ச் சுருண்டு உட்கார்ந்தேன். செத்துப் போயிடலாம் போல இருந்தது.

ஒரு மணி நேரம் போனது. பிறகு தொலைக்காட்சி போட்ட சத்தம் கேட்டது. சளீர் சளீர் என்று வேகமாக அடி விழுந்தது. தோல் சாட்டையின் சத்தம்தான். எட்டிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மிருகம் சரிகிற ஊளை கேட்டது.

"தோலுதான் சரி," என்றார். இந்த முறை சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. குரல் துணித்திரைப் பக்கம் திரும்பியிருந்தது.

ஒருமுறை உடைத்தாகிவிட்டது, இனி என்ன என்று ஒரு துணிச்சல் வந்தது. திரைக்குப் பின்னால் நின்றபடியே கேட்டேன்.

"தம்பி, அந்த கெண்டின் வேலைக்கு ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

"எந்த வேலை அத்தை?"

"மேல் மாடி அம்மா கூப்பிட்ட வேலை. தட்டு கழுவ."

"எங்கிட்ட யாரும் கேக்கலையே," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது திரைத்துணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எங்கும் போக விரும்பாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மகள் அப்படித்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். "அத்தைக்கு டவுன் பயம், வெளிய வர மாட்டாங்கன்னு சொன்னா," என்றார். பிறகு, "நீங்க போங்க அத்தை. எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். வளையத்திலிருந்து சாவியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. மேசையில் வைத்து, கரண்டியால் ஒரு தட்டு தட்டினார்.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும் அவரே சொல்லிவிட்டார். நான் சமையலறையில் இருந்து கேட்டேன்.

"சாவிய அத்தைகிட்ட குடுத்துட்டேன். திங்கக்கெழமலருந்து வேலைக்குப் போறாங்க."

"யாரு சொன்னா?"

"அவங்கதான்."

"ஒங்ககிட்டயா பேசுனாங்க?"

மகள் உள்ளே வந்தாள். என்னைப் பார்க்காமல் அரிசி அளந்து போட்டாள், கழுவினாள், அடுப்பில் வைத்தாள். "ரெண்டு பேரும் சேந்துட்டீங்க," என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை நான் அவளுக்கு முன்னால் கிளம்பினேன். படியில் இறங்கும்போது கால் பின்னியது. மாதக்கணக்கில் படி இறங்காத கால். அன்று இரண்டு கூடை வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஒன்றும் கேட்காத வேலை அது. ஒரு மணிக்குத் திரும்பி வந்து, கூடத்தைப் பார்க்காமல் கடந்து, மருமகனுக்குச் சோறு போட்டேன். அதன் பிறகு நாங்கள் நேரில் பேசிக்கொள்ளவில்லை. அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். கால் சரியாகி அவர் வேலைக்குப் போனார்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். மகள் பிறகு பேசினாள், எல்லோரையும்போலப் பேசினாள், இன்றும் பேசுகிறாள். அவளுக்கு என்ன வெட்கமா, பயமா, அம்மா வீட்டிலேயே இருந்தால் நல்லது என்ற எண்ணமா, தெரியாது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு கேள்விதான். மருமகனிடம் பேசத் திறந்த வாய், பெற்ற மகளிடம் அதைக் கேட்க இன்னும் திறக்கவில்லை.