காணிக்கைத் தட்டில் விழுந்த பல்

அம்மாவின் பொய்ப்பல்லை நாய் கொண்டுபோனது. எந்த நாய் என்றும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுச் சண்டியன்தான். அம்மா பல்லைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி, மீன் தலையோடு சேர்த்து வேலியோரம் வீசியிருந்தார். மறதி வந்த பிறகு அவர் வீசாத பொருள் வீட்டில் குறைவு. பெற்ற மகளான என்னையே மறந்துவிட்டார். "நீங்கள் கோயிலால வந்த பிள்ளையோ?" என்று காலையில் கேட்பார். ஓம் என்று சொல்லிவிட்டுக் கஞ்சியை நீட்டுவேன்.

முல்லைத்தீவுக் கரையில் பிறந்து மீனிலேயே வளர்ந்த மனுசிக்குக் கஞ்சி ஒரு சாப்பாடா? வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவார். சட்டை தோளில் நிற்காமல் சரியத் தொடங்கியது. இப்படியே போனால் மூக்கால் குழாய் விடவேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். சேலைன் ஊசியைப் பிடுங்கி நேர்ஸுக்கு மேல் எறிந்தவர் குழாயை விட்டுவைப்பாரா? "அப்ப கையைக் கட்டிலோட கட்டத்தான் வேணும்" என்றார்கள். கட்டிக் கிடக்க அவர் என்ன மாடா? எனக்கு வந்த கோபத்தில் வாசலில் நின்றே அழுதுவிட்டேன்.

வவுனியாவில் கணினியால் பல் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாடகை வான் பிடித்துக்கொண்டு போனோம். பல் டொக்டர் சின்னப் பெண். வாய்க்குள் பசை அப்பி அச்செடுக்கிற வேலையெல்லாம் இல்லை, ஒரு சின்னக் கமராவை உள்ளே விட்டுச் சுற்றினால் போதும் என்றார். நல்லவேளை. பசை என்றால் அம்மா அதை டொக்டரின் விரலோடு சேர்த்துக் கடித்திருப்பார். கமராவைப் பல் விளக்கும் பிரஷ் என்று நினைத்து ஆவென்று வாயைத் திறந்து வைத்திருந்தவர், முடிந்ததும் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். அவருடைய பல்முரசு, பல்லில்லாத வெறும் ஈறு, ரோசா நிறத்தில் திரையில் சுழன்றுகொண்டிருந்தது.

"பழைய பல்லு இருந்தா அதையே ஸ்கான் பண்ணிப் படியெடுத்திருப்பன், அன்ரி. மறதி வந்தவைக்குப் பழகின பல்லுத்தான் சரிவரும்."

"அது நாயின்ர வாய்க்குள்ள, டொக்டர்."

"அப்ப அம்மா பல்லுத் தெரியச் சிரிச்ச படம் ஒண்டு?"

எங்கே போவது? எங்கள் சனத்துக்குக் கமராவைக் கண்டால் அடையாள அட்டைக்கு நிற்கிற முகம்தான் வரும். பெண்பிள்ளை பல்லைக் காட்டினால் படம் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களை வளர்த்ததே இந்த அம்மாதான். கனடாவிலிருக்கும் தம்பி தொலைபேசியில் வந்து, "பால் வெள்ளையா, நேரா, நடிகைமாரின்ர மாதிரி வைக்கச் சொல்லக்கா" என்றான். அங்கே இருப்பவர்களுக்குக் கருத்துக்கு மட்டும் பஞ்சமே வராது.

பல்லை மெஷின் அச்சடித்துத் தந்தது. அச்சொட்டாகப் பொருந்தியது. அம்மா கண்ணாடி பார்த்தார், நாக்கால் தடவினார், கழற்றினார். கைலேஞ்சியால் துடைத்து மெதுவாகச் சுற்றி என் கையில் வைத்தார்.

"இது என்ரயில்லை, ஆற்றையோ பல்லு, பிள்ளை. பாவம், அந்த மனுசி என்னத்தைச் சப்பித் தின்னும்? ஃபாதரிட்டக் குடுங்கோ. பூசையில சொல்லட்டும்."

எங்கள் கோயிலில் அது வழக்கம். சங்கிலியோ, வீட்டுத் திறப்போ, குடையோ, யார் கண்டெடுத்தாலும் ஃபாதரிடம் கொடுப்பார்கள். பூசை முடிவில் அவர் அறிவிப்பார். அதற்காகப் பல்லையும் கொடுக்கிறதா? "ஓம், ஓம், குடுக்கிறன்" என்று சொல்லிப் பல்லை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன். அம்மா மறக்கவில்லை. எல்லாவற்றையும் மறக்கிற மனுசிக்கு அது மட்டும் நினைவிருந்தது. அலுமாரியிலிருந்து எப்போது எடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் அறிவிப்பு வாசிக்க வந்தார். தொண்டையைச் செருமினார். "காணிக்கைத் தட்டில ஒரு பல்லுச் செற் கிடைச்சிருக்கு. சொந்தக்காரர் முன்னுக்கு வந்து எடுக்கலாம்."

கோயிலில் இருந்த வயதானவர்கள் எல்லோரும் நாக்கால் தங்கள் வாயைத் துழாவிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசை வாங்கிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. அம்மா சிரிக்கவில்லை. எழுந்துபோய்ப் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டார், சொந்தக்காரி வருகிறாளா என்று பார்க்க.

பூசை முடிந்தது. ஒருவரும் வரவில்லை. அம்மா அசையவில்லை. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத உடம்பு, எத்தனை நேரம் நிற்கும்? நான் போய்க் காதோடு, "அது உங்கட பல்லு, அம்மா" என்றேன்.

"கோயிலுக்குள்ள நிண்டு பொய் சொல்லாதையுங்கோ!"

உண்மை சொன்னதற்கு ஏச்சு. அப்படியென்றால் பொய்தான் சொல்லவேண்டும். ஊர்ச்சனம் எல்லாம் பார்த்திருக்க, குரலை உயர்த்திச் சொன்னேன்: "ஃபாதர், அது என்ர பல்லு."

ஃபாதருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் மனுசன் விடவில்லை. "அடையாளம் சொல்லுங்கோ" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"மேலயும் வெள்ளை, கீழயும் வெள்ளை, ஃபாதர்."

வாங்கிக்கொண்டேன். அம்மா என் கையைப் பிடித்து, "இனியாவது கவனமா வைச்சிருங்கோ, பிள்ளை" என்றார். அடுத்த கிழமை முழுக்க, என் வாய்க்குள் இருப்பது மெஷின் அடித்த பல் என்று கதை கடற்கரைவரை போனது. போகட்டும்.

ஆனால் அம்மா இன்னும் சாப்பிடவில்லை. வீட்டிலிருந்த படங்களையெல்லாம் கிளறினேன். கடைசியில் கைகொடுத்தது அம்மாவின் தங்கச்சி வழிப் பெறாமகனின் கலியாண வீடியோ. அதில், விருந்தினருக்கு மீன் துண்டைப் பாதியாக வெட்டிப் போட்ட சமையல்காரனை அம்மா ஏசுகிறார். வாய் குகைபோலத் திறந்திருக்கிறது. நிறுத்திப் பார்த்தேன். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கிறது. அந்தக் காலத்தில் பல் கட்டியவர் கோணலாக வைத்துவிட்டார். திருத்தித் தருகிறேன் என்று அவர் கெஞ்சியும் அம்மா விடவில்லை.

அந்தக் காட்சியை வவுனியாவுக்கு அனுப்பினேன். வாயின் அளவு கணினியிலேயே இருந்ததால் அம்மாவை மறுபடி அலைக்கழிக்கத் தேவையிருக்கவில்லை. டொக்டர் பல்லைக் கோணலாக்கி, நிறத்தையும் கொஞ்சம் மங்கலாக்கி அச்சடித்துத் தந்தார். "காசு குடுத்துக் கோணல் பல்லோ?" என்று தம்பி குதித்தான். "உன்ர வாய்க்குப் போடேல்ல, அதைப் பொத்து" என்றேன்.

அம்மாவின் வாயில் அதை வைத்தேன். நாக்கு அந்தக் கோணல் பல்லுக்குப் போனது. திரும்பவும் போனது. கைலேஞ்சி வெளியே வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. "குசினிக்குள்ள என்ன பொரியுது?" என்று கேட்டார்.

சோறும் பாரை மீன் பொரியலும் வைத்தேன். அம்மா கடித்தார். மென்றார். விழுங்கினார். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. சந்தோசம் தாங்காமல் என் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் சாப்பிடாமல் இருப்பதைக் கண்டதும் அவர் முகத்தில் இரக்கம் வந்தது. தன் கோப்பையிலிருந்த பெரிய துண்டை எடுத்தார். நடுமுள்ளை உருவினார். விரல்களால் தடவித் தடவிச் சின்ன முள்ளையெல்லாம் பொறுக்கிவிட்டு, சதையைப் பிய்த்து என் சோற்றில் வைத்தார்.

"சாப்பிடுங்கோ, பிள்ளை. பல்லைத் துலைச்சுப்போட்டு எத்தினை நாள் பட்டினி கிடந்தியளோ. மெல்லச் சப்புங்கோ, புதுப் பல்லு நோகும்."

அழுதுகொண்டே மென்றேன். ஒரு முள்கூட இருக்கவில்லை.