மூன்றாவது கூவல்

சனிக்கிழமை காலை பால் வாங்கப் போன அம்மா வெறும் தூக்கோடு திரும்பி வந்தாள். "உங்கூட படிக்கிற சுகன்யா ஏரியில வுழுந்துட்டாளாம்மா. இப்பதான் எடுத்தாங்களாம்," என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "நாம ஒண்ணும் கேக்கல, புரியுதா," என்றாள்.

பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் சுகன்யாவைத் தெரியும். ஆண்டு விழாவுக்காக நாம் எடுத்த காட்டுப் படத்தில் போர்ப்பெண்களின் தலைவி அவள்தான். தென்னேரி ஏரிக்கரைக் கருவேலம் புதர்தான் நமக்குக் காடு. "இதாடி காடு? ஆடு மேயுது," என்று பானு சிரித்தாள். "எங்க காட்ல அதான் யானை. கும்புட்டுட்டுப் போ," என்றாள் சுகன்யா. காஞ்சிபுரம் தறி வீடுகளில் கேட்டு வாங்கிய ஜரிகைத் துண்டுகளில் நம் எல்லோருக்கும் அவளே கிரீடம் கட்டினாள்.

நான் காவல்காரி. தலைவி மூன்று முறை கூவினால் நான் திருப்பிக் கூவ வேண்டும். கரையில் போனவர்கள் நின்று பார்த்ததால் எனக்கு வாயே திறக்கவில்லை. அவள் திட்டவில்லை. "நீ வரலன்னாலும் பரவால்லபா. கேட்டுச்சுன்னு ஒரு சத்தம் குடு. அது போதும்," என்றாள். இருட்டிவிட்டதால் அந்தக் காட்சியை அப்படியே விட்டோம்.

வெள்ளிக்கிழமை மாலை, ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம் மறந்து வைத்த மூங்கில் ஈட்டியை எடுக்க அவள் தனியாகப் போனாள். இதுவரை உங்களுக்குத் தெரியும். எங்கள் வீடு கரைக்குக் கீழே இருக்கிறது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கூவல் கேட்டது. "பொட்டப் புள்ளைங்க ஏரிக்கரையில ஊளை வுட்டுக்கினு கெடக்குதுங்க. நீ பதிலுக்குக் கத்தின, கால ஒடிச்சுடுவேன்," என்றாள் அம்மா. சுகன்யா ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாவது கூவல் வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் அம்மா கரைப் பக்க ஜன்னலைச் சாத்திவிடுகிறாள். சாத்தினாலும் கேட்கிறது. அவளுக்கும் கேட்கிறது என்றுதான் நினைக்கிறேன். வெங்காயம் உரிக்க என்னைக் கூப்பிடுவதில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் வாசிக்க டீச்சர் என்னை எழுதச் சொன்னார். அம்மாவிடம் காட்டியது வேறு தாள். இது அவள் தூங்கிய பிறகு எழுதியது. நாளை இதைத்தான் வாசிப்பேன்.

பிறகு படம் ஓடும். சுகன்யா மூன்று முறை கூவுவாள். காவல்காரி மரம் மாதிரி நிற்பாள். அவள் என்னிடம் விட்டுப்போனது நான் கொடுக்காத அந்தப் பதில் ஒன்றுதான். நாளை அந்த இடத்தில் எழுந்து நின்று கூவுவேன். முன்வரிசையில் அவளுடைய அம்மா இருப்பார். அவருக்கும் தெரியட்டும், கேட்டது என்று.