அம்புவின் நான்கு சுத்தமான ரிப்போர்ட்டுகள்

நாயின் வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுப்பவர்கள், அதே நாயின் மலம் இருக்கும் டப்பாவை இரண்டே விரலால் தூக்கிப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடிக்கு மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் கரைந்துபோயிருந்தது.

கண்ணாடி என்பது அவளுக்கு விழுந்த பட்டப்பெயர். மூக்கின் மேல் ஒரு தடித்த கண்ணாடி, அதற்குக் கீழே நுண்ணோக்கியின் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பிழைப்பு. பிராணிகள் மருத்துவமனையின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கும் குப்பைத்தொட்டிக்கும் இடையே அவளுடைய அறை. ஜன்னல் பாதிதான் திறக்கும். மின்விசிறி உண்டு, ஆனால் போடக்கூடாது; மெல்லிய கண்ணாடித் தகடுகள் பறந்துவிடும். நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதில் ஆடாமல் உட்காரத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தன் நாயின் மல மாதிரியைக் கழுவிக் கொண்டுவந்தார்.

"ரொம்ப நாத்தம் மேடம். அதான் ரெண்டு தண்ணி ஊத்தி அலசிட்டேன்."

"அப்ப உங்க வீட்டுச் சாக்கடையைத்தான் டெஸ்ட் பண்ணணும். அதைக் கொண்டு வாங்க."

இன்னொரு அம்மாள் இடுப்பில் நாயோடு, டப்பாவைப் பரிசுப் பையில் போட்டு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து, அதை மேஜையில் வைக்கக்கூட மனம் வராமல் தவித்தாள். "வைங்கம்மா, அது ஒண்ணும் கடிக்காது. கடிக்கிறது உங்க இடுப்புல உக்காந்திருக்கு" என்றாள் கண்ணாடி.

வேலையில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு சிட்டிகை மலத்தை உப்புக் கரைசலில் குழைத்து வடிகட்டி, சின்னக் குழாயின் விளிம்பு வரை நிரப்பி, மேலே கண்ணாடித் தகட்டை மூடுவாள். கால் மணி நேரம். புழுவின் முட்டைகள் லேசானவை. மிதந்து வந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் வீட்டின் வண்டவாளமே தெரிந்துவிடும். தரைவிரிப்பைத் தின்ற நாய், குழந்தையின் பென்சிலைத் தின்ற நாய், ரகசியமாக எஜமானியின் தூக்க மாத்திரை அட்டையைத் தின்ற நாய். "மனுஷங்க வாயால பொய் சொல்லுவாங்க, நாய் பின்னாடி வழியா உண்மையைச் சொல்லும்" என்பாள்.

அவளுடைய அக்கா ஊரில், "தங்கச்சி ஆஸ்பத்திரியில பெரிய வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். எந்த ஆஸ்பத்திரி, என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவளுக்கு உடனே அடுப்பில் பால் பொங்கும்.

அக்காவின் கணவர் குளியலறை டைல்ஸ் கடை வைத்திருப்பவர். மச்சினி வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் அவர் தவறாமல் கேட்பது ஒரே கேள்வி: "கையைக் கழுவிட்டியாம்மா?" இத்தனைக்கும் அவர் கிரேஹவுண்ட் நாய்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர். கடைக்காரர் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், பிரசிடெண்ட் என்றால் தெருமுனையிலிருந்தே கை ஆட்டுவார்.

அவரிடம் இருந்தது அம்பு. சாம்பல் நிறப் பெட்டை. பந்தயத்தில் ஓடி ஓய்ந்தபின் அவர் வாங்கியது. நீளக் கால், குறுகிய இடுப்பு, எதையும் எதிர்பார்க்காத கண். ஒரு நாளில் இருபது மணி நேரம் சோபாவில் கிடக்கும். பந்தயத்தில் ஜெயித்தது என்னவோ அது. மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பது அவர்.

சங்கத்துக்கு ஒரு வேலி போட்ட மணல் மைதானம் உண்டு. அதில் நாயை அவிழ்த்துவிட வேண்டுமானால், மாதாமாதம் புழு இல்லை என்று ரிப்போர்ட் காட்ட வேண்டும். புழு இருந்தால் மூன்று மாதம் வெளியே. இந்த விதியை எழுதியவர் பிரசிடெண்ட்தான். சுகாதாரத்துக்காக அல்ல. தபால்காரர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு கிரேஹவுண்டைத் தத்தெடுத்து, சீருடையோடு அதே மைதானத்துக்கு வர ஆரம்பித்திருந்தார். அவர் நாய்க்கு எப்படியும் புழு இருக்கும், சத்தமில்லாமல் கழற்றிவிடலாம் என்பது கணக்கு. தபால்காரர் ஒழுங்காக மாத்திரை கொடுத்து, ஒழுங்காக ரிப்போர்ட் கொண்டுவந்து நீட்டினார். கணக்கு அங்கேயே தப்பிவிட்டது.

அம்புவின் ரிப்போர்ட்டும் நான்கு மாதமாகச் சுத்தமாகவே வந்துகொண்டிருந்தது. நான்கிலும் கண்ணாடியின் கையெழுத்து.

அன்று அக்காவுக்குப் பிறந்தநாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன கண்ணாடி, கூடத்தில் காலை வைத்ததுமே நின்றுவிட்டாள். சோபாவில் கிடந்தது நாயா, மடித்துப்போட்ட போர்வையா என்று தெரியவில்லை. முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. அறை முழுக்க ஒரு வாடை.

"என்னக்கா இது?"

"அதை ஏன்டி கேக்குற. ரெண்டு மாசமா வயிறு சரியில்ல. பின்னாடி காத்து பிரிஞ்சா நாங்க தெருவுக்கு ஓடவேண்டியிருக்கு."

"அது ஜீரணக் கோளாறும்மா" என்றார் அத்தான், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "கிரேஹவுண்டுக்கு மென்மையான வயிறு. சாதாரண நாய் மாதிரி இல்ல. மூணு தடவை தீனி மாத்தியாச்சு. பூசணிக்காய் அவிச்சுப் போட்டாச்சு. இப்ப வெளிநாட்டு மீன் தீனி."

"பூச்சி மருந்து?"

"அது ஒத்துக்காது. இந்த ஜாதிக்கு உடம்புல கொழுப்பே கிடையாது, மருந்து நேரா மூளைக்கு ஏறிடும். சங்கத்துப் புத்தகத்துலயே போட்டிருக்கு."

"அந்தப் புத்தகத்தை எழுதினது யாரு?"

"நான்தான்."

"மயக்க மருந்துக்குத்தான் அப்படிச் சொல்லுவாங்க அத்தான். டைல்ஸ் கடையில உக்காந்து அதைப் பூச்சி மாத்திரைக்கும் சேத்து எழுதிட்டீங்க."

கண்ணாடி அம்புவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. நாய் அவள் கையை நக்க நாக்கை நீட்டி, பாதியிலேயே மறந்துவிட்டது.

"ரத்தம் பாத்தீங்களா?"

அவர் பெருமையாக ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போன வாரம் எடுத்தது. சிவப்பணு முப்பத்தொன்பது சதவீதம். பக்கத்தில் இயந்திரம் அச்சடித்த சொல்: இயல்பு.

"இயல்புதான், தெருநாய்க்கு" என்றாள் கண்ணாடி. "ஓடப் பொறந்த நாய்க்கு ரத்தம் கெட்டியா இருக்கும். இதுக்கு அம்பதுக்கு மேல இருக்கணும். முப்பத்தொம்போதுன்னா, யாரோ உள்ள உக்காந்து உறிஞ்சிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். மீசை அளவைப் பாத்து மனுஷனை எடை போடுற மாதிரி போட்டிருக்கான் உங்க டாக்டர்."

"புழு இல்லேன்னு நீதானே எழுதிக் கொடுத்தே?" அத்தான் இப்போதுதான் நிமிர்ந்தார். குரலில் ஒரு குஷிகூட இருந்தது. "நாலு ரிப்போர்ட். நாலும் உன் கையெழுத்து. நாளைக்கு இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் காட்டப்போறது அதைத்தான்."

அது உண்மை. அம்பு செத்துப்போனால், அதைக் கொன்றதில் தன் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. கண்ணாடி கொல்லைப்பக்கம் போனாள். மதில் ஓரத்தில், தார் உருக்கி ஊற்றியது போலக் கறுப்பாக ஒன்று கிடந்தது. ஜீரணமான ரத்தம். அவளுக்கு வந்த நான்கு மாதிரிகளும் நல்ல பழுப்பு நிறத்தில், கையடக்கமாக, கட்டியாக இருந்தவை. ஐந்து வயது நாய் இரண்டு மாதமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க, மாதத்தில் அந்த ஒரே ஒரு நாள் மட்டும் கட்டியாகப் போகுமா?

அவள் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு குனிந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா. அவர் கையில் பஞ்சு, வெள்ளை வெளேர் என்று கண்ணை மறைக்கும் முடியோடு ஒரு குட்டி ஜாதி நாய்.

"நீங்கதான் தங்கச்சியா? உங்க அத்தான் மாதிரி ஒரு மனுஷர் கிடைக்க மாட்டாரும்மா. மாசப் பொறப்பானா காலையிலயே கூட நடக்க வருவார். பஞ்சு போனதும், 'நீங்க குனியாதீங்க டீச்சர், நான் அள்ளுறேன்'னு அவரே அள்ளிக்கிட்டுப் போயிடுவார். என் மருமகன் எனக்கு ஒரு தம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்ததில்ல."

பஞ்சு தன் தொடையை நக்கிக்கொண்டிருந்தது. நக்கும் நாய் முடியை விழுங்கும். விழுங்கிய முடி வெளியே வரும்.

கண்ணாடி பஞ்சுவின் முடியையே பார்த்தாள். நான்கு மாதமும் நான்கு தகட்டிலும் அவள் அந்த நீள வெள்ளை முடியைப் பார்த்திருந்தாள். ஊசி நுனியால் ஓரம் தள்ளிவிட்டு, முட்டை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தாள். சாம்பல் நிறத்தில், அரை விரல்கூட நீளமில்லாத முடி உள்ள நாய்க்கு! அக்காவின் நரைமுடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டு வண்டவாளத்தைப் படிக்கத் தெரிந்தவளாம். தன்னைத் தானே திட்டிக்கொள்ள அவளுக்குத் தெரிந்த வசவுகள் போதவில்லை.

"என்னடி, பொறந்தநாள் அதுவுமா கையில அதை வச்சிக்கிட்டு நிக்கிறே?" என்று அக்கா வாசலில் அலறினாள்.

"இதுதான்க்கா உனக்கு நான் தர்ற பரிசு. வண்டியை எடுக்கச் சொல்லு உன் புருஷனை."

மருத்துவமனையில் முதலில் ரத்தம். முப்பத்தொன்று. ஒரே வாரத்தில் எட்டுப் புள்ளி இறங்கியிருந்தது. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணாடி பின்கட்டில் குழாயை நிரப்பித் தகட்டை மூடினாள். அந்தக் கால் மணி நேரமும் அத்தான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றார்.

"இப்ப வந்து பாருங்க."

"எனக்கெதுக்கு?"

"பிரசிடெண்ட்தானே? பாருங்க."

அவர் கண்ணை வைத்தார். மெல்லிய ஓடு போட்ட முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் திராட்சைக் கொத்துபோல உருண்டைகள். வட்டம் முழுக்க, நகர்த்தினால் அடுத்த வட்டம் முழுக்க.

"இது... என்ன?"

"கொக்கிப்புழு. குடல்ல பல்லை மாட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். இது எல்லாம் அதோட பிள்ளைகுட்டி. பஞ்சுவுக்கு இல்ல, கவலைப்படாதீங்க. அது ரொம்ப சுத்தம். நாலு ரிப்போர்ட் வாங்கியிருக்கு."

அத்தான் நாற்காலியைப் பிடித்தார். குட்டைக் கால் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஒரு பக்கம் சாய்ந்து, சமாளித்து நின்றார்.

"வெளிய சொல்லிடாதேம்மா. சங்கத்துல என் மானம் போயிடும்."

"நாய்க்கு உசுரு போகுது அத்தான்."

"அதான் மருந்து கொடுக்கப்போறோமே. மூணு மாசம் மைதானத்துக்கு வரக்கூடாதுன்னா நான் என்ன சொல்றது? நானே எழுதின விதி."

"அந்த மைதானத்து மணல்லதான் முட்டை பொரிஞ்சு, காலு வழியா ஏறுது. ஒரு நாய்க்கு இருந்தா அத்தனைக்கும் இருக்கும். நீங்க போய்ச் சொல்றீங்களா, இல்ல டீச்சரம்மாவை மேடையேத்தட்டுமா?"

டாக்டர் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு தடவையோடு முடியாது. குடலில் இருப்பது செத்தால், தசைக்குள் பதுங்கியிருப்பது அந்த இடத்துக்கு வந்து சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடாமல். மூளைக்கு எதுவும் ஏறவில்லை. ஏறுவதற்கு அந்த வீட்டில் யாரிடமும் அதிகம் இல்லை என்பது கண்ணாடியின் கருத்து.

பிரசிடெண்ட் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதுதான் விசேஷம். தபால்காரர் பின்னால் வந்து கண்ணாடியிடம் சொல்லிச் சிரித்தார்: மைதானத்து மணலில் ஆபத்து இருப்பதைத் தன் கூரிய பார்வையால் முதலில் கண்டுபிடித்தவர் தலைவரே என்றும், சொந்த நாயையே பரிசோதனைக்குக் கொடுத்த தியாகி என்றும் தீர்மானம் நிறைவேறியதாம். கைதட்டல் வேறு.

மறுநாள் காலை எட்டு உறுப்பினர்களிடமிருந்து எட்டு டப்பாக்கள் வந்தன. இரண்டு விரல், திருப்பிய முகம், எட்டுத் தடவை. கண்ணாடி ஒவ்வொன்றாகத் திறந்து, உப்புக் கரைசலை எடுப்பதற்கு முன்பே ஊசியால் கிளறிப் பார்த்தாள். ஐந்தில் நீள வெள்ளை முடி. பிரசிடெண்ட் தனக்கு மட்டும் அள்ளவில்லை போலிருக்கிறது. பஞ்சுவுக்கு அவ்வளவு சின்ன உடம்பு, ஒரு சங்கத்தையே தாங்கியிருக்கிறது.

ஐந்தையும் குப்பையில் போட்டாள். "உங்க நாயைக் கூட்டிட்டு வாங்க. நாயே இங்க வந்து போகட்டும், நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று ஐந்து பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஐந்து நாய்களும் வந்தன. ஐந்துக்கும் புழு இருந்தது. மைதானத்தைப் பூட்டினார்கள். பெருமூச்சு விட்டது பஞ்சு ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு டீச்சரம்மாவே குனிந்து அள்ளவேண்டியதாயிற்று.

அம்பு முதல் மாதம் எழுந்திருக்கவே யோசித்தது. இரண்டாம் மாதம் தீனித் தட்டைத் தள்ளிக்கொண்டே கூடத்தைச் சுற்றியது. ரத்தம் முப்பத்தெட்டு, நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு என்று ஏறியது. மூன்றாம் மாதக் கடைசியில் கண்ணாடி அக்கா வீட்டுக்குப் போய், கொல்லையில் காத்திருந்து, தன் கையாலேயே அள்ளிக்கொண்டு வந்தாள். அத்தான் கூடத்திலிருந்து, "கையைக் கழுவிட்டியாம்மா?" என்றார். அந்த மனிதர் திருந்துவார் என்று அவள் எதிர்பார்த்திருக்கவும் இல்லை.

தகட்டை வைத்தாள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், இரண்டு தடவை. முட்டை இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு முடி. இந்தத் தடவை அதைத் தள்ளாமல் நடுவுக்குக் கொண்டுவந்து நன்றாகப் பார்த்தாள். குட்டையாக, சாம்பல் நிறத்தில்.

கண்ணாடி கையெழுத்துப் போட்டாள்.