ஊரடங்கு ஞாயிறில் மயிலாப்பூர் கல்யாணம்

காலை 6.35, மாம்பலம். விழுப்புரத்திலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். ரயில் பெட்டியில் முகக்கவசம் எல்லோரிடமும் இருந்தது. பாதிப் பேருக்கு மூக்கில், மீதிப் பேருக்குத் தாடையில். முழங்காலோடு முழங்கால் இடிக்க இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து வந்து இறங்கினால், நடைமேடையில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு அதற்குள் நில் என்கிறார்கள். நான் நின்றேன். சொன்னால் கேட்கிற ஆள் நான். கேட்டுக் கேட்டு என்ன கண்டேன் என்று கேட்காதீர்கள், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் தங்கை கஸ்தூரியின் மகள் ரேவதிக்கு அன்று மயிலாப்பூரில் கல்யாணம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. நான் தாய்மாமன். கைப்பையில் மாமன் சீராகப் பட்டுப்புடவை, தேங்காய், பழம், விழுப்புரம் கடைத்தெருவில் கட்டிய இரண்டு மாலை. என் மனைவிக்கு இரண்டாவது ஊசி போட இன்னும் நாள் இருந்ததால், வழியில் யாராவது நிறுத்துவார்களோ என்று பயந்து வீட்டிலேயே தங்கிவிட்டாள். பெண்ணின் தகப்பன், என் மச்சான், முதல் ஊரடங்கின்போது மாரடைப்பில் போய்விட்டார். அந்தச் சாவுக்கு நான் வரவில்லை. இ-பாஸுக்கு மூன்று தடவை மனுப் போட்டேன், மூன்று தடவையும் நிராகரித்தார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கமே மடக்கித் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் மச்சானின் தம்பி சேகர், வேலூரிலிருந்து காய்கறி லாரியில் ஏறி, பாஸும் இல்லை ஒன்றும் இல்லை, நேராக வந்து கொள்ளியே வைத்துவிட்டார்.

கஸ்தூரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவரு வந்தாரே அண்ணே" என்று ஒரே ஒரு தடவை போனில் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நலமா, நலம் என்பதோடு சரி. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கிற இடத்தில் அண்ணனை உட்கார வைக்காமல் கொழுந்தனை உட்கார வைப்பதாக முடிவு செய்திருந்தாள். எனக்கு வருத்தம்தான். ஆனால் கேட்க வாய் ஏது? இந்தத் தடவையாவது நேரத்துக்குப் போய் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

6.50. ரங்கநாதன் தெரு. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இங்கே என் செருப்பு ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். குனிந்து தேடக்கூட இடம் கிடைக்கவில்லை. இன்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரிகிறது. நடுத்தெருவில் ஒரு நாய் மல்லாந்து படுத்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகை நம்பிக் கடைக்காரன் எப்படிச் சாப்பிடுவான் என்பது வேறு விஷயம்.

தெரு முனையில் ஒரே ஒரு ஆட்டோ. ஓட்டுநர் பெயர் ஜாபர். சைதாப்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே முழுக்க மூடியிருந்தார்.

"டிக்கெட்டு கீதா சார்?" என்றார்.

காட்டினேன். "கல்யாணப் பத்திரிகையும் இருக்கு" என்றேன்.

"ரயில் டிக்கெட்டு இருந்தா ஆட்டோல போலாம். பத்திரிகை இருந்தா சொந்தக் கார்ல போலாம். ரெண்டும் இருந்தா இன்னா பண்றதுன்னு எவனும் சொல்லல. ஏறு நைனா, பாத்துக்கலாம். எர்நூத்தம்பது."

ஐந்து கிலோமீட்டருக்கு அது அதிகம்தான். ஆனால் அந்த மனிதர் நான்கு மணியிலிருந்து நிற்கிறாராம், நான்தான் முதல் சவாரி. பேரம் பேச மனசு வரவில்லை.

7.10, ஆழ்வார்பேட்டை. தடுப்பு போட்டிருந்தார்கள். பெண் காவலர் ஒருவர் பத்திரிகையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

"கோயில்னு போட்டிருக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு கோயில் மூடித்தானே இருக்கு?"

"வாசல்ல வெச்சுக் கட்டுறாங்கம்மா."

"உள்ள தள்ளித் தள்ளி நின்னு கட்டக் கூடாது, வாசல்ல கும்பலா கட்டலாம். நல்லா இருக்கு" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு 'காலஞ்சென்ற' என்று பெண்ணின் பெயருக்கு மேலே அச்சிட்டிருந்த மச்சானின் பெயரில் விரல் வைத்தார். கீழே தாய்மாமன் என்ற இடத்தில் இருந்த என் பெயரை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "சீக்கிரம் போங்க சார். மாஸ்க்க மேல ஏத்திக்குங்க." எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிக்கும்போது யார் பெயரை விட்டாலும் தாய்மாமன் பெயரை விட மாட்டார்கள். கஸ்தூரி அந்த ஒரு வரியை விடாமல் போட்டிருந்ததற்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

7.30. தெற்கு மாட வீதியைத் தாண்டி ஒரு சந்து. அதில் சின்ன அம்மன் கோயில். கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குக் குங்குமம். அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால், ரேஷன் கடை வரிசை மாதிரி, நான்கு ஜோடிகள் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தார்கள். காவல் நிலையத்தில் ஜோடிக்குக் கால் மணி என்று பேசி விட்டிருக்கிறார்களாம்.

ரேவதியைப் பார்த்து இரண்டு வருஷம். அரக்குப் பட்டு, அரக்கிலேயே தைத்த முகக்கவசம், மேலே இரண்டு கண். ஓடிப்போய் மாலையைப் போட்டு, புடவைத் தட்டைக் கையில் கொடுத்து, "நல்லா இரும்மா" என்று கண்ணீரோடு தலையில் கை வைத்தேன். அந்தப் பெண்ணும் பணிவாகத் தலையைக் குனிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள்தான், "நீங்க எந்த ஊரு அண்ணா? மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். வேறு ஜோடி! அவர்களுடைய முகூர்த்தம், அவர்களுடைய பெண். நான் தட்டை வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு நின்றேன். பெண் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "மாலை இருக்கட்டும் மாமா, ஆசீர்வாதமும் இருக்கட்டும். புடவையை மட்டும் எடுத்துக்குங்க" என்றது. எந்த வீட்டுப் பெண்ணோ, நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவதாக நின்ற ஜோடிதான் எங்களுடையது. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள். அதில் சந்தோஷமா வேறெதுவுமா என்று முகக்கவசத்துக்கு மேலே தெரியவில்லை. அவள் கண் என் பின்னால் தெரு முனையைத் தேடியது.

"சேகர் இன்னும் வரல. சைதாப்பேட்டை பாலத்துல நிறுத்திட்டாங்களாம். அவர் பத்திரிகையைப் போன்ல வெச்சிருக்காரு, அச்சடிச்சது வேணுங்குறாங்களாம். போரூர்ல போன்லயே பாத்துட்டு விட்டாங்களாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி எனக்கு இனித்தது. நன்றாக நிற்கட்டும், செங்கல்பட்டில் நான் நின்ற மாதிரி என்று நினைத்தேன். அடுத்த நொடி கஸ்தூரி போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் சேகர், "அண்ணா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன், அந்தப் பக்கம் ரோடு காலியா கிடக்கு. அண்ணன் பொண்ணு கல்யாணம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கிறாங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இனிப்பு எங்கே?

என் பையில் அச்சடித்த பத்திரிகை இருந்தது. அது போனால் சேகர் வருவார். வந்தால் அந்த இடத்தில் அவர் உட்காருவார். ஜாபர் இன்னும் சந்து முனையில்தான் நின்றிருந்தார். ஓடிப்போய்ப் பத்திரிகையைக் கொடுத்தேன்.

"உன் டிக்கெட்டையும் குடு நைனா. ஆட்டோவ நிறுத்துனா அத்தக் காட்டுறேன், காரை நிறுத்துனா இத்தக் காட்டுறேன்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். "போய்ட்டு வந்து பேசலாம்" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

8.20. எங்கள் முறை வந்தது. நாகஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்ததும் பாதுகாப்புக்கு நின்ற இளம் காவலர், "அவரு மாஸ்க் போடலியே" என்றார். கூட இருந்த ஏட்டு, "போட்டா எப்படிய்யா ஊதுவாரு" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் யோசித்தார்கள். கடைசியில் ஊதும்போது வேண்டாம், நிறுத்தும்போது போட வேண்டும் என்று தீர்ப்பானது. அந்த மனிதரும் ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் ஒழுங்காக மாட்டிக்கொண்டார். போட்டோக்காரர் எல்லோரையும் கழற்றச் சொன்னார், ஏட்டு எல்லோரையும் மாட்டச் சொன்னார். மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது.

8.30. சேகர் வரவில்லை. பின்னால் நான்காவது ஜோடி காத்திருந்தது. புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாழியாறது. தாய்மாமன் இருக்காரே, அவர் உக்காரட்டும்."

"நான் தனியாத்தான் வந்திருக்கேன், சம்சாரம் வரலியே" என்றேன்.

"ஆபத்துக்குப் பாவமில்லை. உக்காருங்கோ."

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் தலையசைக்கிற வரை உட்காரவில்லை. மெதுவாக அசைத்தாள். தார்ச் சாலையில் விரித்த பாயில் உட்கார்ந்தேன். ரேவதியின் கை என் கையில், அதற்கு மேல் தேங்காய், கஸ்தூரி சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். மச்சான் இருக்க வேண்டிய இடம் அது. ரேவதி தன் விரலால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாற்பதுக்குத் தாலி ஏறியது. யார் யார் தயவில் அங்கே உட்கார்ந்தேனோ அவர்களுக்கெல்லாம் அந்த நிமிஷம் நன்றி சொன்னேன்: ஆழ்வார்பேட்டைக் காவலருக்கு, ஜாபருக்கு, உள்ளே பூட்டிக்கிடந்த அம்மனுக்கு.

8.55. ஆட்டோ முன்னால், சேகரின் கார் பின்னால். சேகர் இறங்கி ஓடிவந்தார், தாலியைப் பார்த்ததும் நின்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க உக்காந்தீங்களா அண்ணா? அது போதும்" என்றார். ஆறடி இடைவெளி என்று யாரோ சொன்னார்கள். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜாபர் மொத்தம் ஐந்நூறு வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டு, பொங்கல் பொட்டலம் மட்டும் இரண்டு கேட்டு வாங்கினார். ஒன்று அந்தப் பாலத்துப் போலீஸ்காரருக்காம். "வெய்யில்ல நிக்கிறான் பாவம், அவன் இன்னா பண்ணுவான்" என்றார்.

10.30. ராஜா அண்ணாமலைபுரத்தில் கஸ்தூரி வீடு. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளறையில், சேகர் கூடத்தில் அசந்து தூங்கிவிட்டார். எனக்குப் பதினொன்றரைக்கு மாம்பலத்தில் ரயில். சமையலறை வாசலில் நின்று போய்வருகிறேன் என்றேன். கஸ்தூரி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணே, சேகரையே நிறுத்திட்டாங்க பாரு."

"ஆமா."

"அன்னிக்கு உன்னை எந்த இடத்துல நிறுத்துனாங்க?"

ஒன்றரை வருஷத்தில் இதை அவள் கேட்டதே இல்லை. "செங்கல்பட்டு ஏரிக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றேன்.

"எவ்ளோ நேரம் நின்ன?"

"மூணு மணி நேரம். எடுத்துட்டாங்கன்னு போன் வர்ற வரைக்கும் நின்னேன்."

அடுப்பை அணைத்தாள். திரும்பினாள். முகத்தில் கவசம் இல்லை; முழு முகத்தையும் அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு மணையைத் தள்ளினாள்.

"வீட்டுல இருந்து கிளம்புனதுலேருந்து சொல்லு" என்றாள்.

பைக் சாவியை எடுத்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பதினொன்றரை ரயில் போய்விட்டது. போகட்டும்.