ஈரமில்லாத ஓட்டை

கையில் டீசல் பட்டால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பயணம்தான் ஞாபகம் வரும். பஸ்ஸில் போகலாம் என்று அம்மா கெஞ்சியும் கேட்காமல், காய்ச்சலில் கொதித்த தங்கையைப் பழைய லாரியில் திருப்பதிக்கு ஏற்றிப் போனார் நைனா, என் அப்பா. வழியில் அது பாகாலா தாண்டி அணைந்து அணைந்து நின்றதும், இன்று பைபாஸ் ரோட்டுக்கு அடியில் மறைந்துவிட்ட ஒரு மெக்கானிக் ஷெட்டில், டீசல் எங்கே ஒழுகுகிறது என்று குழாயெல்லாம் தடவிக்கொண்டிருந்தார்.

"ஈரத்தைத் தேடாதண்ணா. அது வெளியே உடல, காத்தை உள்ள இழுத்துக்கினு கீது," என்றான் மெக்கானிக்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு சலைன் குழாயை மாட்டிக் கைப்பம்பை அடித்தான். டீசல் குமிழி குமிழியாக வந்தது. டேங்கில் குழாய் சேரும் நட்டை இறுக்கியதும் குமிழி நின்றது.

தங்கை பிழைத்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் அவள் கையில் மருந்து ஏறிய அதே மாதிரிக் குழாயில், குமிழி வருகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்து நின்றேனே, அந்தப் பயம்தான் இன்னும் போகவில்லை.