ரஸ்க் டப்பாவுக்குள் வைத்த ரூட்டர்

எங்கள் வீட்டில் எந்த இரும்பும் முழு ஆயுசு வாழ்ந்ததில்லை. திரேஸ்புரத்தில் கடலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு தெருதான். மின்விசிறி, டிவி, மகன் கப்பலிலிருந்து வாங்கி வந்த கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. கதவுக் கீலுக்கு மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் விடுவேன். விட்டும் அது கத்தும். அதனால் ரூட்டர் வந்த அன்றே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அது மருமகளுக்காக வந்தது. மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். வருஷத்தில் ஒன்பது மாதம், அவன் எங்கே என்று யாராவது கேட்டால் கடலைத்தான் காட்டுவேன். வீட்டில் நானும் மருமகளும்தான். அவள் கணக்கு டீச்சருக்குப் படித்தவள். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்த லேப்டாப்பிலேயே நேர்காணல். எங்கள் வீட்டுக்குள் செல்போனில் நெட் நிற்காது. அதற்காகத்தான் ரூட்டரே.

இந்த வேலை கிடைக்காவிட்டால் மணப்பாட்டில் அவள் அம்மா வீட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வேலை இருக்கிறது, அங்கே போய் இருந்துகொள்வேன் என்று என் மகனிடம் அவள் போனில் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னையும் கூப்பிடுவாள்தான். எழுபத்தைந்து வயதில் சம்பந்தி வீட்டில் போய் உட்கார முடியுமா?

வியாழக்கிழமை கம்பெனி ஆள் வந்தான். ஜன்னல் வழியாக வயரை இழுத்து, முன்னறை அலமாரி மேல் ரூட்டரை வைத்தான். அதற்கு இரண்டு கொம்பு. அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை மருமகள் லேப்டாப்பில் அடித்தாள். உடனே கிடைத்துவிட்டது.

"தம்பி, இதுக்கு உப்புக்காத்து ஆவுமா?" என்று கேட்டேன்.

"தூசி தும்பு படாம பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. பச்சை லைட்டு எரிஞ்சா எல்லாம் சரி."

மறுநாள் விடியற்காலை மருமகள் பூசைக்குப் போயிருந்தாள். நான் ஒரு ரஸ்க் தகர டப்பாவை எடுத்துக் கத்திரியால் பக்கவாட்டில் வயருக்கு வழி வெட்டினேன். கட்டைவிரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. ரூட்டரின் கொம்புகளை மடக்கி உள்ளே வைத்து மூடினேன். லைட்டைப் பார்க்க ஆணியால் ஓர் ஓட்டையும் போட்டேன். நான் வேலை பார்த்த தோணியில் அப்படித்தான் செய்வோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், ஓடு ஏற்றிப் போன காலத்தில், தோணியை நடத்தும் தண்டேலின் ரேடியோ தகரப் பெட்டிக்குள்தான் இருக்கும். அது பதினைந்து வருஷம் பாடியது. அவர் சம்சாரம்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"மாமா, வைஃபை கிடைக்கலியே. ஒரு கோடு வந்து வந்து போவுது. என்ன லைட்டு எரியுதுன்னு பாருங்க."

முக்காலியில் ஏறி ஓட்டையில் கண்ணை வைத்தேன். "பச்சைதாம்ளா எரியுது."

டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அப்போது தோன்றவில்லை. அவள் நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னார்கள். நான்தான் போய்ப் போட்டேன். என்ன நிறம் என்றார்கள்.

"பச்சைன்னு மாமா சொல்லுதாவ," என்றாள்.

"அப்ப கோளாறு உங்க லேப்டாப்லதான் மேடம்."

அவள் லேப்டாப்பையும் ஒரு தடவை அணைத்துப் போட்டாள். இரண்டு மணி ஆகிவிட்டது. நேர்காணலுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். கிணற்றடியில் நின்றால் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல் இருந்தது. வாசலில் ஒன்றும் இல்லை.

"குட்டி போட்ட பூனை மாரி சுத்தாதிய மாமா. கிடைக்கலன்னா விட்டுத்தள்ளுவோம். மணப்பாட்டு வேலை எங்கயும் ஓடிப் போவாது."

அந்தப் பெயரைக் கேட்டதும் திரும்பவும் கிணற்றடிக்குப் போனேன். அங்கே துணி காயப்போடும் கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் தண்டேலின் ஏச்சு ஞாபகம் வந்தது.

ரேடியோ பெட்டிக்குள்தான் இருக்கும். ஆனால் அதன் வயர் வெளியே வந்து பாய்மரத்தின் உச்சி வரைக்கும் ஏறியிருக்கும். ஒருநாள் பெருங்காற்றில், உப்புத்தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று நான் அந்த வயரையும் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். மறுநாள் வானிலை கேட்க முடியவில்லை, வெறும் இரைச்சல். பெட்டியைத் திறந்து பார்த்த தண்டேல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, காதையும் வாயையும் பொத்தி வச்சிட்டு சேதி சொல்லுன்னா அது எப்படிலே சொல்லும்?"

கொழும்பு வரைக்கும் தோணியில் எல்லாரும் என்னைக் கண்டால் காதைப் பொத்திக் காட்டினார்கள். அத்தனை வருஷத்தில் ஏச்சை மறந்துவிட்டுப் பெட்டியை மட்டும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

முன்னறைக்குப் போய் முக்காலியில் ஏறினேன். மூடியைத் திறந்து ரூட்டரை வெளியே எடுத்து, கொம்பு இரண்டையும் நிமிர்த்தினேன். உள்ளேயிருந்து, "மாமா, கிடைச்சிட்டு," என்று சத்தம். வெளியே வந்தவள் என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஓட்டை போட்டுத்தான் வச்சேன்."

கட்டைவிரலில் நான் சுற்றியிருந்த துணியையும் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டப்பாவை மடியில் வைத்தபடி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் இங்கிலீஷில் பேசினாள். எனக்கு எண்கள் மட்டும் பிடிபட்டன. ஒரு இடத்தில் சிரித்தாள். அது நல்ல சிரிப்பா, தப்பாகச் சொல்லிவிட்டதற்கான சிரிப்பா என்று தெரியவில்லை. நாலு மணிக்கு வெளியே வந்தாள்.

"ஒரு வாரத்துல சொல்லுவாவளாம்."

"நல்லா சொன்னியாளா?"

"சொன்னேன். ஆனா மாமா, நீங்க என்னய மணப்பாட்டுக்குப் பத்திவிடத்தான் அத டப்பாக்குள்ள அடச்சு வச்சியளோன்னு ஒரு சந்தேகம்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். போகாதே என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவள் அடுப்படிக்குப் போன பிறகுதான் தோன்றியது.

டப்பாவில் இப்போது ஆணி கிடக்கிறது. தினமும் காலையில் காய்ந்த வேட்டித் துணியால் ரூட்டரைத் துடைக்கிறேன், கொம்பில் கை படாமல். நேர்காணல் முடிந்து இன்றைக்கு நாலாவது நாள். இன்றைக்கு மட்டும் இதுவரை மூன்று தடவை துடைத்தாயிற்று. உள்ளே அவள் போன் அடிக்கிறது.