ஓய்வுபெற்றவர் தினமும் வேலைக்கு வந்த அலுவலகம்

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் குடிதண்ணீரும் ஏற்றிக் கொடுக்கும் சிறிய அலுவலகம் ஒன்றின் கணினிகளுக்கு நான்தான் வைத்தியர். படித்தது கொஞ்சம், பாவனை நிறைய. எந்தக் கணினியானாலும் முதலில் நாடி பிடிப்பதுபோல் தொட்டுப் பார்த்து "ம்ம்" என்பேன். பிறகு நிறுத்தித் திரும்பப் போடுவேன். பாதி நோய் அதிலேயே போய்விடும். மிச்சப் பாதிக்குத்தான் நான் முழிக்கிற முழி வெளியே தெரியும்.

அங்கே எல்லோருடைய கோப்புகளும் சேர்வர் என்கிற ஒரே கணினியில் இருக்கும். மற்றக் கணினிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன். வேலை தடங்கலில்லாமல் முடிந்தது. அந்தச் சந்தோசத்தில் யாரும் கேட்காத ஒன்றையும் செய்தேன்: வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களையெல்லாம் சேர்வரிலிருந்து துடைத்தேன். வீடு கூட்டியவனின் பெருமையோடு படுத்தேன்.

திங்கள் காலை, அலுவலகத்தில் கப்பல் கடதாசிகளுக்குப் பொறுப்பான அக்கா அழைத்தார்.

"தம்பி, நேற்று என்ன செய்தனீங்கள்? ஒரு கோப்பும் திறக்குதில்லை. அனுமதி இல்லையாம். குச்சவெளியில இருந்து மரக்கறி லொறி வந்து துறைமுகக் கேற்றில நிக்குது. கடதாசி இல்லாமல் உள்ள விடமாட்டாங்கள்."

"நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டாச்சு. உங்கட வைத்தியம் எனக்கும் தெரியும்."

போகிற வழியில் கேற்றடியில் லொறியைக் கண்டேன். சாரதி கீரைக் கட்டுகளுக்குமேல் ஈரச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களோ கொம்பியூட்டர்காரன்? கெதியாப் பாருங்கோ. கீரைக்கு இந்த வெயில் ஏலாது."

அலுவலகத்தில் வயரைப் பார்த்தேன், சரி. கோப்புறை கண்ணுக்குத் தெரிந்தது, உள்ளேதான் போக முடியவில்லை. புதிய மென்பொருள் கண்டிப்பு கூடியது என்று அதன்மேல் பழி போட்டு, அதன் பிடிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாப் பாவனையும் தீர்ந்த பிறகுதான், கோப்புகள் யாருடைய பெயரில் இருக்கின்றன என்று பார்க்கிற புத்தி வந்தது.

பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் இலக்கம். எல்லாக் கோப்பிலும் அதே இலக்கம். போன வெள்ளிக்கிழமை செய்ததிலும் அதுவே. சேர்வர் பெயருக்கொரு இலக்கம் கொடுத்த பழைய பட்டியலில் தேடினால், அது எப்போதோ ஓய்வுபெற்றுப் போன தலைமை எழுதுவினைஞரின் இலக்கம். பெயரைத்தான் நான் நேற்றுக் கூட்டித் தள்ளிவிட்டேனே.

அவர் இருந்த காலத்தில் எல்லாக் கணினியிலும் அவருடைய பெயரையும் கடவுச்சொல்லையுமே பதிந்து வைத்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் கதிரையில் இருந்தார்கள், கோப்பு திறந்தது, வேலை செய்தார்கள். எப்படித் திறக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். அந்த அம்மணி இப்போது பாலையூற்றில் வீட்டோடு இருக்கிறார். சேர்வரைக் கேட்டால், அவர் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்து, எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் இருந்திருக்கிறார்.

"அதே இலக்கத்தில அவவின்ர பேரைத் திரும்பப் போட்டால் இப்பவே திறக்கும், அக்கா."

அக்கா கையை உயர்த்தினார். "அவவிட்டக் கேக்காமலோ? சரியில்லை."

"இவ்வளவு காலமும் அதிலதானே வேலை செய்தனீங்கள்?"

"அது தெரியாமல் செய்தது. இப்ப தெரியுமே."

மரக்கறி வாடிக்கொண்டிருக்க, மரியாதைக்காகப் போன் போட்டு விசயத்தைச் சொன்னோம்.

"நான் இங்க கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு நிக்கிறன்," என்றார் ஓய்வுபெற்றவர். "அங்கயும் வேலைக்கு வாறனோ?"

"ஓம் அன்ரி. ஒரு லீவும் எடுக்கேல்லை," என்றார் அக்கா.

மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. "சரி, இண்டைக்கு மட்டும் வாறன். பின்னேரத்துக்குள்ள என்னை வீட்ட அனுப்பிப்போடுங்கோ."

பெயரைப் போட்டேன். கோப்பு திறந்தது. அக்கா கடதாசியை அச்செடுத்துக்கொண்டு கேற்றுக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர் வைத்து, கோப்புறையை எல்லோருக்கும் பொதுவாக்கி, ஓய்வுபெற்றவரை முறையாக வீட்டுக்கு அனுப்பினேன்.

அக்கா வந்து இருந்ததும் அவருக்குச் சாரதியின் அழைப்பு வந்தது. "உள்ள வந்திட்டம். பூசணிக்காய்க்கு ஒண்டுமில்லை. கீரை சரிவராது, தங்கச்சி. கப்பல்காரன் எடுக்கமாட்டான்."

அக்கா கோப்பைத் திறந்து கீரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். சேமிக்கப் போன விரல் நின்றது.

"இப்ப இது ஆரின்ர பேரில விழும்?"

"உங்கட பேரிலதான்."

"அப்ப கீரை வாடினது என்ர தலையிலயோ? அன்ரியின்ர பேரில இருந்தது எவ்வளவு நல்லம்."

"காரணத்தையும் எழுதிவிடுங்கோ, அக்கா."

எழுதினார்: 'கணினி திருத்துபவரால் தாமதம்.' கோப்பு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சேமித்துக்கொண்டது. அவ்வளவு அருமையாகத் திருத்தியிருந்தேன்.

வெளியே வந்தபோது லொறி மரக்கறியை இறக்கிவிட்டுக் கேற்றடிக்குத் திரும்பியிருந்தது. சாரதி என் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய கீரைக் கட்டு ஒன்றை வைத்துக் கட்டினார். மூன்று நாள் எங்கள் வீட்டில் கீரைக்கறி.